பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ஏற்ற பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்த வெள்ளைப் புள்ளியை நோக்கிச் செல்லும் பெல்லட்டின் விட்டமோ 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகியிருக்கலாம். தசமக் கணக்கு வந்த பிறகு அந்த 2.5 மி.மீ.க்குள்ளேயே பத்துப் படிகள் உண்டாகிவிட்டன. மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9, அரை மி.மீ.க்குள் விழுந்தால் 10.8 என்று ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் 0.1 குறைந்துகொண்டே போகும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்டது 10.8, அதாவது அந்தப் பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து அரை மி.மீ.க்குள் நின்றது.

2013 முதல் தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளிகளே கணக்கிடப்படுகின்றன. அறுபது முறை சுடும் சுற்றில் ஒவ்வொரு முறையும் 0.05 மட்டும் இழந்தாலும் மொத்தத்தில் மூன்று புள்ளிகள் போய்விடும். இறுதிச் சுற்றுக்குள் நுழைவதும் வெளியே நிற்பதும் பலமுறை அதைவிடக் குறைந்த இடைவெளியில்தான் முடிவாகின்றன. எனவே ரைஃபிளுக்கும் உடைக்கும் பயிற்சிக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கை, டின்னுக்குள் இருக்கும் அந்தச் சிறிய ஈயத் துண்டுக்கும் தர வேண்டும். எந்தப் பெல்லட் நல்லது என்ற கேள்விக்கு விளம்பரமோ நண்பரின் அனுபவமோ எடைத் தராசோ விடை சொல்வதில்லை. உங்கள் ரைஃபிளின் குழல் மட்டுமே சொல்லும். அந்தக் குழலை எப்படிப் பேச வைப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

யாருக்கு இது தேவை, யாருக்கு இப்போது தேவையில்லை

பெல்லட்டால் வரும் சிதறலும் சுடுபவரால் வரும் சிதறலும் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால், செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கையின் அசைவால் மட்டும் 5 மி.மீ. சிதறல் உள்ள ஒருவர் 1 மி.மீ. சிதறும் நல்ல பெல்லட்டைப் பயன்படுத்தினால் மொத்தச் சிதறல் ஏறக்குறைய 5.1 மி.மீ. ஆகும், 2 மி.மீ. சிதறும் சுமாரான பெல்லட்டைப் பயன்படுத்தினால் 5.4 மி.மீ. ஆகும். இந்த வேறுபாட்டை அவரால் உணரவே முடியாது. ஆனால் கையின் சிதறலை 2 மி.மீ. வரை குறைத்துவிட்ட ஒருவருக்கு அதே இரு பெல்லட்டுகள் 2.2 என்றும் 2.8 என்றும் முடிவு தரும். அவருக்கு அது பெரிய இழப்பு.

ஆகவே தொடக்கநிலையில் இருப்பவர், போட்டித் தரம் என்று பெயர் பெற்ற ஏதேனும் ஒரு பெல்லட்டை ஒரே பேட்ச்சில் (ஒரே தடவையில் ஒன்றாகத் தயாரான தொகுப்பில்) சில டின்கள் வாங்கி வைத்துக்கொண்டு, பயிற்சியில் மனத்தைச் செலுத்துவதே சரி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இங்கே முக்கியம், ஒரே பேட்ச் என்பதுதான். வாரத்துக்கு ஒரு பெல்லட் என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்குத் தன் தவறு எது, பெல்லட்டின் தவறு எது என்று பிரித்தறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

பெல்லட்டை அறிந்துகொள்ளுதல்

ஒரு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முன்பக்கம் தட்டையான தலை. நடுவில் ஒடுங்கிய இடை. பின்பக்கம் பாவாடை போல விரிந்து, உள்ளே குழிவாக இருக்கும் மெல்லிய சுவர். தட்டைத் தலை காகிதத்தை வட்டமாக வெட்டிச் செல்வதால் துளையின் விளிம்பு தெளிவாக இருக்கும், புள்ளியைக் கணக்கிடுவதும் எளிதாகும். எடையின் பெரும்பகுதி முன்னால் இருக்க, விரிந்த பாவாடை பின்னால் காற்றைத் தடுத்து இழுப்பதால், இறகுப்பந்து போலப் பெல்லட் முகம் திரும்பாமல் நேராகப் பறக்கிறது. குழலின் உட்புறச் சுழல் பள்ளங்கள் தரும் சுழற்சி அதற்கு மேலும் நிலைத்தன்மை சேர்க்கிறது.

குழலுக்குள் இந்த இரு பகுதிகளுக்கும் வேறு வேறு வேலை. தலை, பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளின் மீது அமர்ந்து பெல்லட்டை நேர்கோட்டில் நடத்திச் செல்கிறது. பாவாடை, பின்னாலிருந்து தள்ளும் காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்து, காற்று ஒழுகிப் போகாமல் காக்கிறது. தலை தளர்வாக இருந்தால் பெல்லட் மிக நுண்ணிய அளவில் சாய்ந்தபடியே வெளியேறும். பாவாடையின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருந்தால், பெல்லட் குழல் வாயைத் தாண்டும் அந்தக் கணத்தில் காற்று ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி அதைத் தட்டிவிடும். சிதறலுக்கான காரணங்களில் பாவாடைச் சேதத்துக்கு நான் முதலிடம் தருவேன்.

டின்னின் மேல் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது தலையின் விட்டம். பொதுவாக 4.48 முதல் 4.52 மி.மீ. வரை கிடைக்கும். இந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 4.50 மற்றொரு நிறுவனத்தின் 4.50 போல நடந்துகொள்வதில்லை. ஒரே நிறுவனத்தின் 4.50-யிலும் ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் வேறுபாடு இருக்கும். பெல்லட்டை அழுத்தி உருவாக்கும் அச்சு தேயும், ஈயக் கலவை சற்று மாறும், பாவாடையின் தடிப்பு மாறும். இவை எதுவும் டின்னின் மேல் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டிருப்பது பேட்ச் எண் மட்டுமே. எனவே பெல்லட்டின் உண்மையான பெயர் அதன் பேட்ச் எண்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, ரைஃபிளுக்கானவை பெரும்பாலும் 0.53 கிராம் அளவில் இருக்கும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ஆகியவற்றின் ரைஃபிள் வகைகள் இந்த எடையில் வருகின்றன. பிஸ்டலுக்கானவை அதைவிட இலகுவானவை. பிஸ்டல் பெல்லட் ரைஃபிளில் நன்றாகச் சேர்வதும், அதாவது சிதறாமல் நெருக்கமாக விழுவதும், உண்டு என்பதால், சோதனையின்போது ஒரு டின்னைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

எடைத் தராசைப் பற்றி ஒரு கணக்கு

பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக மில்லிகிராம் தராசில் நிறுத்துப் பிரிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நானும் இரண்டு ஆண்டுகள் மாலை நேரங்களை அதில் செலவிட்டேன். பிறகு ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

போட்டி ரைஃபிளிலிருந்து பெல்லட் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 10 மீட்டரைக் கடக்க அதற்கு 0.059 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் ஈர்ப்பு விசை அதை 17 மி.மீ. கீழே இறக்கிவிடும். இந்த இறக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், வேகம் நொடிக்கு 1 மீட்டர் மாறினால் பெல்லட் விழும் இடம் ஏறக்குறைய 0.2 மி.மீ. மேலோ கீழோ நகரும். இப்போது எடைக்கு வருவோம். ரைஃபிள் தரும் ஆற்றல் மாறாது என்று கொண்டால், எடை 5 மில்லிகிராம் கூடும்போது, அதாவது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கூடும்போது, வேகம் அதில் பாதியளவுதான் குறையும்; நொடிக்கு 0.8 மீட்டர். விழும் இடத்தில் வரும் மாற்றம் 0.16 மி.மீ. நல்ல போட்டி பெல்லட்டுகளின் ஒரு டின்னுக்குள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 1 மில்லிகிராம் வேறுபாடு இருந்தால் அதன் விளைவு 0.03 மி.மீ. மட்டுமே.

10.9-க்கும் 10.8-க்கும் இடையே இருப்பது 0.25 மி.மீ. என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது பெல்லட்டுகளை நிறுத்துப் பார்த்தால் அந்தப் பேட்ச் எவ்வளவு சீராகச் செய்யப்பட்டிருக்கிறது என்ற ஒரு குறிப்பு கிடைக்கும். சில மில்லிகிராம் தள்ளி நிற்பவை இருந்தால், உருவாக்கத்தில் ஏதோ குறை இருக்கலாம் என்று அவற்றை ஒதுக்கலாம். ஆனால் ஐந்நூறையும் நிறுத்து ஐந்து கிண்ணங்களில் பிரிக்கும் நேரத்தை, குழலில் சோதிப்பதற்குத் தருவது பலமடங்கு பயனுள்ளது.

வேகம் அளக்கும் கருவியான குரோனோகிராஃப் கிடைத்தால் அதை ரைஃபிளின் உடல்நிலையைப் பார்க்கப் பயன்படுத்துங்கள். அடுத்தடுத்த பத்துச் சுடுதல்களில் வேகம் நொடிக்கு 3 மீட்டர் வரை ஏறி இறங்கினால், மேல் கீழாக மட்டும் 0.6 மி.மீ. சிதறல் வந்துவிடும். எந்தப் பெல்லட்டைப் போட்டாலும் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே தொடர்ந்தால், கவனிக்க வேண்டியது அழுத்தச் சீராக்கியையும் வால்வையும்தான். இந்த நிலையில் பெல்லட் சோதனை செய்வதால் எந்தப் பயனும் இல்லை. முதலில் பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ரைஃபிளைத் தர வேண்டும்.

சோதனைக்கான ஏற்பாடு

சோதனையை உரிமமுள்ள ரேஞ்சில், அதன் பொறுப்பாளரின் அனுமதியோடு, காற்று வீசாத உள்ளரங்கில் செய்ய வேண்டும். ஏர் ரைஃபிளை வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்கள் கடமை. சுடாத நேரத்தில் குழலுக்குள் பாதுகாப்புக் கொடி (குழல் காலி என்று காட்டும் அடையாளம்) இருக்க வேண்டும். ரைஃபிள் வைஸில் (அசையாமல் இறுகப் பிடிக்கும் கருவியில்) பூட்டப்பட்டிருந்தாலும் குழல் வாய்க்கு முன்னால் கை போகக் கூடாது. டார்கெட் மாற்றும்போது ரைஃபிள் திறந்து காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பெல்லட் பிடிக்கும் பெட்டியிலிருந்து ஈயச் சிதறல்கள் திரும்பி வருவது அரிதல்ல.

சோதனைக்கு மிகச் சிறந்த கருவி, குழலோடு கூடிய இயக்கப் பகுதியை, தோளில் தாங்கும் கட்டையிலிருந்து கழற்றிப் பூட்டும் வைஸ். பல பெரிய ரேஞ்சுகளிலும் ரைஃபிள் விற்பவர்களிடமும் இது இருக்கும். உங்கள் ரைஃபிளைத் தயாரித்தவர் எந்த இடத்தில் பிடிக்கச் சொல்கிறாரோ அந்த இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். காற்று உருளையைப் பிடிக்கவே கூடாது. திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு முறுக்க வேண்டும். வைஸ் நிற்கும் மேசை தரையோடு அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேசையைக் கையால் அழுத்தினால் டார்கெட்டில் குறி நகரும் என்றால், நீங்கள் அளக்கப்போவது பெல்லட்டையல்ல, மேசையைத்தான்.

வைஸ் கிடைக்காதவர் மணல் மூட்டையின் மீது ரைஃபிளைத் தாங்கி வைத்துச் சுடலாம். பொருந்தாத பெல்லட்டுகளை ஒதுக்க இது போதும். ஆனால் நன்றாகச் சேரும் இரண்டுக்குள் எது மேல் என்பதை இந்த முறையில் தீர்ப்பது கடினம், அந்த முடிவை நம்பி ஐம்பது டின் வாங்குவது தவறு.

ஒரு பெல்லட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, குழலுக்குள் முந்தைய பெல்லட் விட்டுச் சென்ற ஈயமும் அதன் மேற்பூச்சும் படிந்திருக்கும். எனவே புதிய பெல்லட்டில் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டு, அதன் பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். இதைத் தவிர்த்ததால் நல்ல பெல்லட்டை ஒதுக்கிவிட்டுப் பிறகு திரும்ப வந்தவர்களை நான் அறிவேன். காற்று உருளையின் அழுத்தம் நிரம்பிய நிலையிலும் மிகக் குறைந்த நிலையிலும் சோதிக்காமல், நடுவான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுடுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே அளவு இடைவெளி விடுங்கள். சீராக்கி நிலைகொள்ள நேரம் வேண்டும்.

எத்தனை முறை சுடுவது, எப்படி அளப்பது

பலரும் ஐந்து முறை சுட்டு, ஐந்தும் ஒரே துளைக்குள் போனதைப் பார்த்து மகிழ்ந்து அந்தப் பெல்லட்டை வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன், ஐந்து சுடுதல் கொண்ட ஒரே ஒரு குரூப்பை (ஒரே குறியில் சுட்ட துளைகளின் தொகுப்பை) நம்பி, பழகிய பேட்ச்சைக் கைவிட்டுப் புதியதற்கு மாறினேன். அந்தத் துளை அவ்வளவு அழகாக இருந்தது. ஒரே பெல்லட் ஐந்து முறை போனது போல ஓரம் மட்டும் சற்றே மலர்ந்திருந்தது. போட்டியில் காரணம் புரியாத 10.1-களும் 9.9-களும் வந்தன. திரும்பி வந்து வைஸில் ஐம்பது முறை சுட்டபோதுதான், அந்தப் பேட்ச்சில் ஏழெட்டுக்கு ஒன்று தனியே விலகுகிறது என்று தெரிந்தது. ஐந்தில் அது வராமல் போவதற்கு வாய்ப்பு ஏறக்குறையப் பாதி.

குரூப்பின் அளவு என்று நாம் சொல்வது, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம். ஐந்து சுட்டாலும் பத்துச் சுட்டாலும் அந்த அளவைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு மட்டுமே. மற்றவை தரும் செய்தி வீணாகிறது. மேலும், எண்ணிக்கை கூடக் கூட இந்த அளவு இயல்பாகவே பெரிதாகும். அதே பெல்லட்டை அதே குழலில் சுட்டாலும், பத்துக் கொண்ட குரூப் ஐந்து கொண்ட குரூப்பைவிடச் சராசரியாக ஏறக்குறையக் கால் பங்கு பெரிதாக இருக்கும். எனவே ஒருவர் ஐந்தில் எடுத்த அளவையும் மற்றொருவர் பத்தில் எடுத்த அளவையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

நான் இப்போது பின்பற்றும் முறை இது. முதல் சுற்றில், கிடைத்த எல்லாப் பேட்ச்களிலும் பத்துப் பத்தாக இரண்டு குரூப்கள் சுட்டு, வெளிப்படையாகச் சிதறுபவற்றை நீக்கிவிடுகிறேன். எஞ்சும் மூன்று அல்லது நான்கு பேட்ச்களை வேறொரு நாளில், முந்தைய வரிசையைத் தலைகீழாக்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக ஐந்து குரூப்கள் சுடுகிறேன். வரிசையைத் திருப்புவதற்குக் காரணம் உண்டு: குழல் அழுக்காவதும் அரங்கின் வெப்பம் மாறுவதும் எப்போதும் கடைசியில் வரும் பேட்ச்சையே பாதிக்கும்.

காகித டார்கெட்டில் அளப்பவர், குரூப்பின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதிலிருந்து ஒற்றைத் துளையின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். காகிதம் நெகிழ்வதால் துளை 4.5 மி.மீ.யைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரியலாம். அதனால் அதே தாளில் ஓரமாக ஒரு பெல்லட்டைச் சுட்டு அந்தத் துளையை அளந்து கழிப்பது பாதுகாப்பானது. காலிப்பரின் கூர்முனை காகிதத்தை அழுத்தாமல், துளையைச் சுற்றியுள்ள சாம்பல் நிற ஈய வளையத்தின் வெளியோரத்தை மட்டும் தொட வேண்டும். பத்துத் துளைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் உள்ளே எது எங்கே விழுந்தது என்பதைக் காகிதம் சொல்லாது. மின்னணு டார்கெட் இருந்தால் ஒவ்வொரு சுடுதலின் இடமும் எண்ணாகவே கிடைக்கும். எல்லாவற்றின் நடுமையத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகிய தூரத்தின் சராசரியை எடுத்தால், பத்தும் சேர்ந்து சொல்லும் செய்தி ஒரே எண்ணில் வந்துவிடும். வாய்ப்பிருப்பவர்கள் இந்தச் சராசரி விலகலையே நம்புங்கள்.

முடிவெடுக்கும்போது மிகச் சிறிய குரூப்பைத் தேடாதீர்கள். ஒரு பேட்ச் 0.9, 1.0, 1.0, 1.1, 1.1 மி.மீ. என்று ஐந்து குரூப்கள் தருகிறது, மற்றொன்று 0.6, 0.8, 1.0, 1.4, 1.6 என்று தருகிறது என வைத்துக்கொள்வோம். சராசரியில் இரண்டும் நெருக்கமானவை. 0.6 கண்ணைப் பறிக்கும். ஆனால் போட்டியின் நடுவில் வரப்போவது 1.6-ஆகவும் இருக்கலாம். நான் தயங்காமல் முதல் பேட்ச்சையே எடுப்பேன். 1 மி.மீ. குரூப் என்றால், டார்கெட்டின் மையத்தில் சரியாக அமர்ந்தால் ஏறக்குறைய எல்லாமே 10.8-க்குக் குறையாமல் விழும்.

முடிவானவுடன் அதே பேட்ச் எண்ணில் ஓராண்டுக்கான அளவை வாங்கிவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நூறு பெல்லட் என்று பயிற்சி செய்பவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 வேண்டும். ஐந்நூறு கொண்ட டின்னில் அது ஐம்பது டின். அவ்வளவு வாங்க இயலாதவர், சோதித்துத் தேர்ந்ததைப் போட்டிக்கும் கடைசி வாரப் பயிற்சிக்கும் ஒதுக்கிவிட்டு, அன்றாடப் பயிற்சிக்கு விலை குறைந்ததைப் பயன்படுத்தலாம். வந்த டின்களில் பேட்ச் எண் ஒன்றேதானா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகே பணத்தைத் தாருங்கள்.

தேர்ந்த பெல்லட்டைக் காப்பாற்றுதல்

ஈயம் மிக மென்மையானது. நகத்தால் அழுத்தினாலே பாவாடையின் விளிம்பு வளைந்துவிடும். ஒரு டின் மேசையிலிருந்து தரையில் விழுந்தால், உள்ளிருப்பவை ஒன்றோடொன்று மோதி, எத்தனை கெட்டன என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும். அந்த டின்னைப் பயிற்சிக்கு மட்டும் என்று குறித்து வைத்துவிடுங்கள். பைக்குள் டின் குலுங்காமல் இருக்க மூடிக்குக் கீழே உள்ள பஞ்சு மெத்தையை எறிந்துவிடாதீர்கள். டின்னைச் சாய்த்துக் கொட்டாமல், தேவையான அளவை மென்துணி மீது மெதுவாகச் சரியவிட்டு எடுங்கள்.

போட்டிக்கு எடுக்கும் எண்பது, தொண்ணூறு பெல்லட்டுகளை முந்தைய நாளே கண்ணால் பார்த்து அடுக்கிவிடுவது நல்லது. பாவாடையின் வாயை உங்களை நோக்கித் திருப்பி, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சுற்றுங்கள். முழு வட்டமாக இருந்தால் விளிம்பில் வெளிச்சம் ஒரே வளையமாக ஓடும்; நசுங்கல் இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் உடைந்து தெரியும். ஐயம் வந்தால் சற்றே சாய்ந்த கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். தலையைவிடப் பாவாடை அகலம் என்பதால் பெல்லட் நேராக உருளாமல் வில்போல வளைந்து உருளும். ஒரே அளவானவை ஒரே வளைவில் சென்று ஒரே இடத்தில் நிற்கும்; கோணலானது தள்ளாடியபடி விலகிப் போகும். இந்தச் சோதனைக்குத் தராசைவிட நான் அதிக மதிப்புத் தருகிறேன், ஏனெனில் இது பெல்லட்டின் வடிவத்தைச் சோதிக்கிறது.

ரைஃபிளில் இடும்போது இடையைப் பிடித்து, தலை முன்னால் இருக்குமாறு நேராக வையுங்கள்; பாவாடையைக் கட்டைவிரலால் அழுத்தித் திணிக்கக் கூடாது. மூடும்போது வழக்கத்துக்கு மாறான தடை தெரிந்தால் வலிந்து மூடாமல், திறந்து பெல்லட்டை எடுத்துப் பாருங்கள்.

குழலைச் சுத்தம் செய்வது ரைஃபிளின் கையேடு சொல்லும் இடைவெளியில் நடக்கட்டும். கம்பளித் துண்டுகளைக் குழலின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் செலுத்துவதே முறை. இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள், குழல் வாயில் விழும் சிறு கீறலும் எல்லாப் பெல்லட்டுகளையும் கெடுத்துவிடும். சுத்தம் செய்த குழல் உடனே பழைய குரூப்பைத் தராது. சில சுடுதல்களுக்குப் பிறகே நிலைகொள்ளும் என்பதால், போட்டி நாளின் காலையில் சுத்தம் செய்வதைத் தவிருங்கள்.

ஈயம் நஞ்சு என்பதை ஒரு நாளும் மறக்க வேண்டாம். பெல்லட்டை உதடுகளுக்கு இடையே வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை விட்டுவிட வேண்டும். சுடும் இடத்தில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. முடித்தவுடன் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். பெல்லட் பிடிக்கும் பெட்டியைக் காலி செய்யும்போது தூசி பறக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. டின்களைக் குழந்தைகளுக்கு எட்டாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பெல்லட்டின் மேல் வெண்பொடி படிந்திருந்தால் அது அரித்த ஈயம். அதைத் துடைத்துப் பயன்படுத்த முயலாமல், பழைய ஈயத்தை முறையாக அகற்றும் இடத்தில் டின்னோடு ஒப்படைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் என்று குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: நாள், பேட்ச் எண், தலை விட்டம், உருளையின் அழுத்தம், அரங்கின் வெப்பம், குழலைக் கடைசியாகச் சுத்தம் செய்த பிறகு சுட்ட எண்ணிக்கை, ஐந்து குரூப்களின் அளவு. டார்கெட் தாளையும் அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கையிருப்பு பத்து டின்னாகக் குறையும்போது அடுத்த பேட்ச்சுக்கான சோதனையைத் தொடங்குங்கள். அப்போதுதான் பழைய பேட்ச்சை வைஸில் உடன் வைத்து, அதே நாளில், அதே குழலில் புதியதோடு ஒப்பிட முடியும்.